அலுமினியக் கதவு: கனமா இருந்தா போதுமா?

இந்த வாரம் கோடிங் இல்ல, ஏஐ இல்ல. கதவு. அதுவும் அலுமினியக் கதவு. சிரிக்காதீங்க, செக்யூரிட்டின்னு பார்த்தா சர்வருக்கும் கதவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

எதுக்கு இந்தப் பேச்சுன்னா, அப்பா அம்மா மதுரைக்குத் தெற்கே கப்பலூர் பக்கம் இருக்காங்க. தியாகராசர் மில், சிட்கோ தொழிற்பேட்டை, டோல்கேட்னு சொன்னா திருநெல்வேலி ரோட்டுல போனவங்களுக்கு இடம் பிடிபடும். மெயின் ரோட்டை விட்டு உள்ள போனா ரெண்டு வீட்டுக்கு நடுவுல நாலு காலி பிளாட். நான் பெங்களூர்ல. பின்பக்கத்து மரக்கதவைக் கரையான் தின்னுருச்சு, மாத்தியே ஆகணும். "அலுமினியம்னா கரையான் வராது, மழைக்கு ஊதாது, சரி. ஆனா அது பாத்திரம் மாதிரி நசுங்கிருமேப்பா?" இது அம்மாவோட கேள்வி. நியாயமான கேள்வி. ஒரு மாசம் இதையே நோண்டிக்கிட்டு இருந்தேன்.

முதல்ல ஒரு விஷயம். நம்ம வீடுகள்ல தலைவாசல் நிலைக்கு நல்ல நாள் பார்ப்போம், மஞ்சள் குங்குமம் வைப்போம், தேக்குலதான் வேணும்னு நிப்போம். அதுக்கு வெளிய இரும்பு கிரில் கேட் வேற. அதே வீட்டுக்குப் பின்கதவுக்கு? "பட்ஜெட்ல எது வருதோ அது." பால்கனி ஸ்லைடிங் கதவு, அடுப்படிக்குப் பின்னாடி கதவு, மாடிப்படிக் கதவு எல்லாம் அந்தக் கணக்குலதான் வருது. தேக்குக் கதவை எதுக்கு உடைக்கணும், பின்னாடி வழி இருக்கும்போது?

இப்ப அம்மா கேள்விக்கு வர்றேன். கதவு, ஜன்னல் செக்‌ஷனுக்கு அதிகமா வர்றது 6063ன்னு ஒரு அலாய். நல்லா ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணின 6063-டி6, இழுவிசையைத் தாங்குறதுல சாதாரண இரும்புக்கு ரொம்பப் பின்னாடி இல்ல. எடையோ மூணுல ஒரு பங்குதான். பிரச்சனை வேற இடத்துல இருக்கு. விறைப்பும் மூணுல ஒரு பங்குதான். அதாவது ஒரே அளவு குழாயை ஒரே பலத்தோட நெம்பினா, அலுமினியம் இரும்பை விட மூணு மடங்கு வளையும். உடையாது, வளையும். பூட்டோட நாக்கு நிலைக்குள்ள 10, 15 மில்லிமீட்டர்தான் போயிருக்குன்னா, கதவு அவ்வளவு வளைஞ்சாலே நாக்கு வெளிய வந்துரும். பூட்டை யாரும் தொடக்கூட இல்ல!

அதனால நடுவுல ஒரு பூட்டு இருக்கிற உயரமான அலுமினியக் கதவு எனக்குப் பிடிக்கல. மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல ஒரே சாவியில பிடிக்கிற மல்டிபாயின்ட் லாக் வேணும். அது கட்டுப்படி ஆகலன்னா, உள்பக்கம் மேலயும் கீழயும் நல்ல தாழ்ப்பாளாவது வேணும்.

அடுத்தது செக்‌ஷனோட கனம். இங்கதான் வியாபாரத்துக்குள்ள ஒரு சூட்சுமம் இருக்கு. பேபிரிகேஷன் கடைக்காரர் அலுமினியத்தை வாங்குறது கிலோ கணக்குல. நமக்கு ரேட் சொல்றது சதுர அடி கணக்குல. 2 மில்லிமீட்டர் கனத்துக்குப் பதிலா 1.2 போட்டா, வெளிய பார்க்க அதே கதவு, அதே பவுடர் கோட்டிங். ஆனா எடை கிட்டத்தட்ட 40 சதவீதம் குறையும். கடைக்காரர் கெட்டவர்னு சொல்ல வரல. ஏரியாவுல யாரோ சதுர அடிக்கு நூறு ரூபா குறைச்சுச் சொன்னா, எல்லாரும் அந்த வழிக்கு வந்துதான் ஆகணும். கேக்குறவங்க கனத்தைக் கேட்டாத்தான் அது மாறும். நான் கொட்டேஷன்ல கனத்தை எழுதித் தரச் சொன்னேன். செக்‌ஷன் வந்து இறங்குன அன்னைக்கு வெர்னியர் காலிப்பரும் கையுமா அப்பா போய் நின்னார். ரிட்டயர் ஆனவருக்கு அன்னைக்கு முழுக்க சந்தோஷம்.

கனம் ஏன் முக்கியம்னா, ஸ்க்ரூ. கீலும் பூட்டும் கதவுல நிக்கிறது ஸ்க்ரூவை நம்பித்தான். எம்5 ஸ்க்ரூவோட ஒரு புரி 0.8 மில்லிமீட்டர். 1.2 மில்லிமீட்டர் தகட்டுல எத்தனை புரி பிடிக்கும்? ஒண்ணரை. ஒண்ணரைப் புரியை நம்பி ஒரு கதவு! பூட்டும் கீலும் வர்ற இடத்துல உள்ள ஒரு ஸ்டீல் பட்டை வச்சு அதுல முறுக்கச் சொல்லுங்க.

பேனல். பாத்ரூம் கதவுல வர்ற மாதிரி ஏசிபி ஷீட் போட்டு வெளிக்கதவு பண்றதை நிறைய இடத்துல பார்க்குறேன். ஏசிபின்னா அரை மில்லிமீட்டர் கூட வராத ரெண்டு அலுமினியத் தகடு, நடுவுல பிளாஸ்டிக். பேப்பர் வெட்டுற கட்டர் அதைக் கிழிச்சுரும். வெளிக்கதவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி வச்ச கதவுன்னா கொஞ்சம் கவனமா கேளுங்க, இதுலதான் குழப்பம் அதிகம். "டஃபன்ட் கிளாஸ் சார், உடையவே உடையாது"ம்பாங்க. டஃபன்ட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியை விட நாலஞ்சு மடங்கு வலுவானதுதான். ஆனா கூர்மையான ஒரு முனை பட்டா மொத்தமும் பொடிப்பொடியா கொட்டிரும். அதை அப்படி உருவாக்கினதே நமக்குக் காயம் படாம இருக்கத்தான். திருடனுக்கும் காயம் படாது! லேமினேட்டட் கண்ணாடி வேற ஆளு. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம். அடிச்சா விரிசல் விடும், ஆனா இடத்தை விட்டு விழாது. காரோட முன்கண்ணாடி ஆக்சிடென்ட்ல சிலந்தி வலை மாதிரி ஆகி அப்படியே நிக்கும்ல, அதுதான் இது. கூடவே பீடிங் எந்தப் பக்கம்னு பாருங்க. கண்ணாடியைப் பிடிக்கிற அந்தப் பட்டை வெளிப்பக்கம் இருந்தா, ஒரு ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பி, கண்ணாடியை உடைக்காமலே முழுசா கழட்டிக் கீழ வச்சிரலாம். பீடிங் உள்பக்கம்தான் வரணும்.

ஸ்லைடிங் கதவுன்னா பூட்டை விட டிராக்தான் வீக். மேல இருக்கிற இடைவெளி பெருசா இருந்தா கதவை அலாக்கா தூக்கி எடுத்துரலாம். மேல் டிராக்குக்குள்ள ஆன்டி லிஃப்ட் பிளாக்னு ஒரு சின்ன கட்டை போடுவாங்க. ரொம்பப் பெரிய செலவு இல்ல.

சிலிண்டர் பூட்டு, அதாவது ரெண்டு பக்கமும் சாவி போடுற நீட்டு வகை, நடுவுல ஸ்க்ரூ போற இடத்துல மெலிஞ்சிருக்கும். வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா பிடிச்சு முறிச்சுருவாங்க. பிரிட்டன்ல இது பெரிய தலைவலியாகி, முறிக்க முடியாத சிலிண்டருக்குத் தனியா ஸ்டார் ரேட்டிங்கே வந்துச்சு. 3 மில்லிமீட்டருக்கு மேல வெளிய நீட்டாத மாதிரி அளவு பார்த்து வாங்கினாலே பாதி வேலை முடிஞ்சது.

மதுரை வெயிலையும் கணக்குல எடுக்கணும். டார்க் பிரவுன் கதவு மேற்குப் பார்த்து நின்னா சித்திரை மாசம் மதியம் 60 டிகிரி தொட்டுரும். விடியக்காலை 25ன்னு வைங்க. 2.1 மீட்டர் உயரக் கதவு அந்த 35 டிகிரி வித்தியாசத்துல சுமார் 1.7 மில்லிமீட்டர் நீளும், இரும்பை விட ரெண்டு மடங்கு. இடைவெளி விடாம மாட்டினா மதியம் பூட்டு விழாது. அப்புறம் என்ன பண்ணுவோம்? நிலையில இருக்கிற ஓட்டையை ராவிப் பெருசாக்குவோம், இல்லன்னா "பகல்லதானே"ன்னு சும்மா சாத்தி வைப்போம். எங்க வீட்டுக்கு வெளிர் நிறம்தான்னு சொல்லிட்டேன்.

சுவரையும் பாருங்க. ஹாலோ பிளாக் சுவர்ல சாதாரண பிளக்கு அடிச்சு நிலையை மாட்டி, சிலிக்கான் பூசி விட்டா, நிலையோட சேர்த்து கதவே வந்துரும். நிலையைச் சுத்தி கான்கிரீட் நிரப்பி, அதுல ஆங்கர் போல்ட் போடணும்.

நம்ம நாட்டுல அலுமினியக் கதவு, ஜன்னலுக்கு ஐஎஸ் 1948ன்னு 1961லயே ஒரு தரம் வந்துருச்சு. அது திருட்டை மனசுல வச்சு எழுதினது இல்ல. ஐரோப்பாவுல ஈஎன் 1627ன்னு ஒண்ணு இருக்கு, அதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. "உடைக்க முடியாத கதவு"ன்னு அது எங்கயும் சொல்றதில்ல. ஆர்சி 2ன்னா ஸ்க்ரூடிரைவர், ஆப்பு மாதிரி கருவிகளோட ஒரு ஆள் 3 நிமிஷம் போராடணும். ஆர்சி 3ன்னா கடப்பாரையும் சேர்த்து 5 நிமிஷம். நிமிஷக் கணக்குதான். பக்கத்து வீட்டுல விளக்கு எரியறதுக்கு அது போதும். காலி பிளாட்டுக்கு நடுவுல இருக்கிற வீட்டுக்கு அந்த நிமிஷம் பத்தாது. அதனாலதான் பின்பக்கம் ஒரு சென்சார் லைட்டும் மாட்டினோம்.

கடைசியா வீட்டுக்குள்ள நடந்த ஒரு சண்டை. ரெண்டு பக்கமும் சாவி போட்டே திறக்கிற பூட்டுதான் பலம்னு அப்பா ஒத்தக்கால்ல நின்னார். கண்ணாடியை உடைச்சு கையை விட்டாலும் திறக்க முடியாதுல்ல, அவர் சொல்றதும் சரிதான். ஆனா ராத்திரி அடுப்படியில கேஸ் லீக், கரண்ட் இல்ல, 60 தாண்டின ரெண்டு பேர் இருட்டுல சாவியைத் தேடணும். நான் உள்பக்கம் திருகு குமிழ் வச்ச பூட்டுதான்னு சொன்னேன். கையை விடுற பயத்துக்கு லேமினேட்டட் கண்ணாடி இருக்கு. ரெண்டு நாள் என்கிட்ட பேசல. மூணாவது நாள் போன் வந்துச்சு: "குமிழே போட்டாச்சு. அம்மாவுக்கு முட்டி வலி, சாவி தேட முடியாதுங்குறா."