ஒப்பந்த எண் 151

சி151 என்பதை ரயில் மாடலின் பெயர் என்றுதான் கிளமெண்டி நடைமேடையில் நிற்கும் பலரும் நினைத்திருப்பார்கள். உண்மையில் அது கொள்முதல் கோப்பின் எண். சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி ரயில்களுக்கான ஒப்பந்தம் 151. கவாசாக்கி தலைமையில் ஜப்பானிய நிறுவனங்கள் செய்து கொடுத்த 66 ரயில்களுக்கும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. 1988 மார்ச்சில் கிளமெண்டி நிலையம் திறந்தபோது வந்து நின்றவையும் அவைதான்.

ரயில் வாங்குவது பணத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கிக்கொண்டு போகிற வியாபாரம் அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் ஓடும் வண்டி. உதிரிபாகத்துக்கும் யோசனைக்கும் செய்தவரையே தேடிப் போகவேண்டும். அதனால்தான் 2018ல் சி151க்கு மாற்றாக அதே 66 என்ற கணக்கில் ஆர்151 ரயில்களை 120 கோடி வெள்ளிக்கு வாங்கியபோது, நிலப் போக்குவரத்து ஆணையம் தயாரிப்பாளரின் நீண்டகாலத் தொழில்நுட்ப உதவியையும் சேர்த்தே பேசியது. பேசியது பம்பார்டியரிடம். 2021ல் அந்த நிறுவனத்தின் ரயில் பிரிவையே அல்ஸ்தோம் வாங்கிவிட்டது. நிச்சயம் செய்த வீடு ஒன்று, கல்யாணம் நடந்த வீடு வேறொன்று!

ரயில்கள் சீனாவின் சாங்சுனில் உருவாகின. கொரோனா வந்தது; வரவேண்டியவை தாமதமாயின. முதல் ஆர்151 பயணிகளை ஏற்றியது 2023 ஜூனில். அதுவரை பழையவைதான் ஓடியாக வேண்டும். விரைவில் ஓய்வுபெறப் போகிற வண்டியை முழுதாகப் பிரித்துப் பார்ப்பானேன் என்ற கணக்கில் அந்தத் தாமதம் சக்கர அச்சின் மீது ஏறியது.

சக்கர அச்சின் நுனியில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். உள்ளே பேரிங், அதைச் சுற்றிக் கிரீஸ். ரயில் பெட்டியின் எடையெல்லாம் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. கிரீஸ் கெட்டால் உரசல், உரசினால் சூடு. 5 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றிருந்த பராமரிப்பு இடைவெளி 7.5 லட்சம் வரை நீட்டப்பட்டிருந்தது. 2024 செப்டம்பர் 25 காலை கிளமெண்டி அருகே பழுதான சி151, உலு பாண்டான் பணிமனைக்குத் திரும்பும் வழியில் அந்த இரும்புப் பெட்டிகளில் ஒன்றைத் தவறவிட்டது; சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு இறங்கின. பாகங்கள் சிதைந்துபோனதால் மூலகாரணத்தை விசாரணையால் அறுதியிட முடியவில்லை. கெட்டுப்போன கிரீஸாக இருக்கலாம் என்றது.

சேதமான பாதை 2.55 கிலோமீட்டர். தண்டவாளத்தில் முறிவுகள் 46. ஜூரோங் கிழக்குக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் பேருந்துதான்.