படம் எடுத்தால் நல்ல பாம்பா?

பிள்ளைகளே! 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் வெள்ளம் புகுந்ததே, பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அப்போது எங்கள் வீட்டுப் படிக்கட்டில் ஒரு பாம்பு ஏறிவிட்டது. எங்களைக் கண்டதும் தலையைத் தூக்கிக் கழுத்தை விரித்தது.

"ஐயோ, நல்ல பாம்பு!" என்று பக்கத்து வீட்டுக்காரர் கம்பை ஓங்கினார்.

"அடிக்காதேப்பா! கட்டம் கட்டமா இருக்கு பார், அது தண்ணிப் பாம்பு!" என்று கத்தினார் எதிர்வீட்டுப் பாட்டி. கொஞ்ச நேரத்தில் அது தண்ணீரில் இறங்கிப் போய்விட்டது.

பாட்டி சொன்னது சரி. தண்ணீர்ப் பாம்பு பயந்தால் கழுத்தைத் தட்டையாக்கி, நாகம் போல நடிக்கும். மீனும் தவளையும் தின்னும் அதனிடம் நம்மைக் கொல்லும் விஷம் கிடையாது. உடம்பில் சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள் இருக்கும். கண்ணிலிருந்து கீழ்நோக்கி இரண்டு கறுப்புக் கோடுகள் சாய்வாக ஓடும்.

கண்ணாடி விரியனுக்குக் கட்டங்கள் இல்லை. முதுகில் சங்கிலி போல முட்டை வடிவப் புள்ளிகள். உடம்பு தடிமன். குக்கர் போலச் சீறும்.

இன்னொரு ஜோடியும் உண்டு. விஷமற்ற ஓநாய்ப் பாம்புக்கு வெள்ளைப் பட்டைகள் கழுத்தருகே பளிச்சென்று இருக்கும். வால் பக்கம் மங்கிவிடும். கொடிய கட்டுவிரியனுக்கு நேர்மாறு!

உங்களுக்கு ஒரு செய்தி தெரியுமா? ராமுலஸ் விட்டேகர் தமது பாம்புப் பண்ணையை முதலில் தொடங்கியது தாம்பரம் அருகே சேலையூரில்தான்! 1972-இல் அது கிண்டிக்குப் போனது. அங்கே போனால் கண்ணாடிக்கு வெளியே நின்று இந்த அடையாளங்களைப் பார்த்துப் பழகலாம்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அடையாளம் தெரிவது, அநியாயமாக ஒரு பாம்பை அடிக்காமல் இருக்கத்தான்; கையில் பிடிக்க அல்ல! நிறம் மாறலாம், இருட்டில் கண் ஏமாறலாம். தள்ளி நின்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் தருவார்கள்.

யாரையாவது பாம்பு கடித்துவிட்டால், "தண்ணீர்ப் பாம்புதானே" என்று சும்மா இருக்கக் கூடாது. கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமலும் போகலாம். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

எந்தப் பாம்பு என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். சரிதானே, பிள்ளைகளே?