பள்ளிச் சமையலறை எனும் சந்தை

காவிரிப் படுகை விவசாயிக்கு நெல்லை விளைவிப்பதைவிட விற்பதே பெரும்பாடு. அறுவடை நேரத்தில் மழை பெய்தால், 17 விழுக்காடு ஈரப்பத வரம்பைத் தாண்டிய நெல்லுடன் அவர் கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். ஒரு பயிரையும் அரசுக் கொள்முதலையும் பெரிதும் நம்பியிருப்பதன் விளைவு இது.

2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இங்குள்ள நிலத்தைக் காக்கிறது. விவசாயியின் வருவாயைக் காக்க, அருகிலேயே நிலையான சந்தை வேண்டும். 1999-இல் தொடங்கிய உழவர் சந்தைகள் இடைத்தரகரை விலக்கின. ஆனால், நாளைய விற்பனைக்கு அங்கு உத்தரவாதம் இல்லை.

அதை அளிக்கக்கூடியவை பள்ளிச் சமையலறைகள். தினமும் எத்தனை குழந்தைகள் உண்பார்கள் என்பது அங்கு முன்கூட்டியே தெரியும். பிரேசிலில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கொண்டு குடும்ப விவசாயிகளின் விளைபொருள்களை வாங்க வேண்டும் என்று விதித்தது.

தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் 2023-இல் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது இதே படுகையின் திருக்குவளையில்தான். அத்திட்டத்தின் உணவுப் பட்டியலில் கோதுமை ரவையும் சேமியாவும் உள்ளன. நெல் விளையும் ஊர்களில் அரிசி ரவைக்கு முன்னுரிமை தரலாம். சம்பாவுக்குப் பின் விளையும் பச்சைப் பயறையும் உள்ளூர்க் காய்கறிகளையும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் நேரடியாக வாங்கலாம். அப்போது, அரசு ஏற்கெனவே செலவிடும் பணமே ஊருக்குள் சுழலும்.