பெரோவ்ஸ்கைட் விளக்கு: வயலுக்கு இப்போதே வாங்கலாமா?

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் விடிவதற்கு வெகு முன்பே வெளிச்சம் நடமாட ஆரம்பித்துவிடும். மொட்டு விரிவதற்குள் பறித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஏற்ற வேண்டுமே! அதனால் நெற்றியில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு குடும்பமே செடிக்குள் இறங்குகிறது. ஒரு காலத்தில் அரிக்கேன் விளக்கை வரப்பில் வைத்துவிட்டு, பாம்புக்குப் பயந்துகொண்டே பறித்த பூ இது. எல்.இ.டி. வந்த பிறகு அந்தப் பயம் பாதி குறைந்துவிட்டது.

இப்போது அடுத்த விளக்கைப் பற்றிய பேச்சு கிளம்பியிருக்கிறது. "பெரோவ்ஸ்கைட் எல்.இ.டி. என்கிறார்களே, அதைப் போட்டால் மார்கழியிலும் மல்லி பூக்குமா? நெல் வயல் விளக்குப்பொறிக்கு வாங்கலாமா?" என்று வாசகர்கள் கேட்கிறார்கள்.

மல்லிக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். மார்கழி, தையில் வரத்து குறைவதற்குப் பனியும் குளிரும் முக்கியக் காரணம். விளக்கு மாட்டினால் குளிர் போகாது. அதை நம்பித் தோட்டத்துக்குள் கம்பி இழுக்க வேண்டாம்.

மற்றபடி, பயிருக்கும் பூச்சிக்கும் வெளிச்சத்தின் அளவு மட்டும் முக்கியமில்லை, நிறமும் முக்கியம். இலை பெரும்பாலும் சிவப்பையும் நீலத்தையும்தான் உணவாக்கிக்கொள்கிறது. ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம் செவ்வந்தி வயலில் இரவில் பல்பு எரியவிடுகிறார்களே, அது செடியை ஏமாற்றும் வேலை. செவ்வந்தி, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். நடுவே வெளிச்சம் காட்டினால் இரவு நீளவில்லை என்று நினைத்து, மொட்டு வைக்காமல் வளர்ந்து கிளைக்கும். அதற்குச் சிவப்பு ஒளியே போதும். பூச்சிகளோ நீலம், புற ஊதா பக்கம் ஓடி வரும். மஞ்சள் விளக்குக்கு அவ்வளவாக வராது.

நாம் வாங்கும் வெள்ளை எல்.இ.டி. பல்பின் உள்ளே இருப்பது நீல விளக்கு. மேலே பூசிய மஞ்சள் பொடி அந்த நீலத்தில் ஒரு பகுதியை மாற்றி வெள்ளையாகக் காட்டுகிறது. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த 3 ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. காலியம் நைட்ரைடு என்ற அந்தப் பொருளை 1,000 டிகிரி அளவிலான வெப்பத்தில் படிகமாக வளர்க்க வேண்டும்.

பெரோவ்ஸ்கைட் அப்படியில்லை. இது 1839-இல் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்தின் பெயர். அதே அடுக்கமைப்பில், ஈயத்தோடு புரோமின், அயோடின், குளோரின் உப்புகளைச் சேர்த்து ஆய்வகத்தில் புதுப் படிகங்கள் செய்கிறார்கள். உப்பைக் கரைத்து, தோசை மாவு போல மெல்லியதாகப் பரப்பி, 100 டிகிரி அளவில் சூடாக்கினால் போதும். புரோமின் பச்சை ஒளி தரும். அயோடின் கூடினால் சிவப்பு, குளோரின் கூடினால் நீலம். உப்பின் விகிதத்தை மாற்றியே நிறத்தை மாற்றலாம். செலவும் குறையக்கூடும். செவ்வந்திக்கு ஒரு நிறம், தண்டுத் துளைப்பான் தாய்ப்பூச்சிக்கு ஒரு நிறம் என்று விளக்கு செய்வதற்கு இதைவிடத் தோதான பொருள் கிடைக்காது.

வளர்ச்சியும் வேகமானதுதான். 2014-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் குழு சாதாரண அறை வெப்பத்தில் இதை எரிய வைத்தபோது, உள்ளே போன 100 எலெக்ட்ரானுக்கு ஓர் ஒளித்துகள்கூட வெளியே வரவில்லை. 2018-இல் அது 20-ஐத் தாண்டியது. 2022-இல் தென் கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு 29-ஐ நெருங்கிவிட்டது.

ஆனால் ஆயுள்? அந்த 2022 விளக்கு, வெயிலில் பார்க்கும் செல்போன் திரை அளவு பிரகாசத்தில் எரிந்தபோது 520 மணி நேரத்தில் பாதியாக மங்கியது. விளக்குப்பொறியை இரவுக்கு 4 மணி நேரம் எரித்தால் 130 இரவு. நாற்றங்காலில் மாட்டினால் சம்பா அறுவடைக்குள் பாதி வெளிச்சம் போய்விடும். கடையில் இருக்கும் எல்.இ.டி. பல்பின் அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. போதாததற்கு, பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரம் ஆகாது. நீல நிறமோ இன்னும் பின்தங்கியே இருக்கிறது. பூச்சிக்கு வேண்டியது அதுதான்.

இவையெல்லாம் நாளடைவில் சரியாகலாம். விவசாயி கவலைப்பட வேண்டியது ஈயத்தைப் பற்றி. 2020-இல் சீன, ஐரோப்பிய விஞ்ஞானிகள் சேர்ந்து, பெரோவ்ஸ்கைட் கலந்த மண்ணில் புதினா வளர்த்துப் பார்த்தார்கள். மண்ணில் ஏற்கெனவே மனிதரால் சேர்ந்திருக்கும் ஈயத்தைவிட, பெரோவ்ஸ்கைட்டின் ஈயம் சுமார் 10 மடங்கு எளிதாகச் செடிக்குள் ஏறியது. காரணம், அது தண்ணீரில் கரையும் வடிவில் இருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஒரு விளக்கில் இருப்பது மிகக் கொஞ்சம்தான். கண்ணாடிக்குள் அடைத்தே செய்வார்கள். ஆனால் வயலில் விளக்கு உடையாமல் இருக்குமா? காற்றில் விழும், மாடு முட்டும், கடைசியில் எருக்குழிக்குப் போகும். ஈயத்துக்குப் பதிலாக வெள்ளீயம் போட்டு முயற்சி நடக்கிறது. ஒளியும் ஆயுளும் இன்னும் ஈயத்துக்கு ஈடாகவில்லை.

ஆகவே இன்றைக்கு மேலூரிலோ வாடிப்பட்டியிலோ "பெரோவ்ஸ்கைட் விளக்குப்பொறி" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் வாங்க வேண்டாம். நீல அல்லது புற ஊதா எல்.இ.டி. வைத்த சாதாரண சோலார் பொறியே தண்டுத் துளைப்பான், இலைச் சுருட்டுப்புழு அந்துப்பூச்சிகளுக்குப் போதும். பயிரின் உயரத்துக்குச் சற்று மேலே கட்டி, அடியில் மண்ணெண்ணெய் சொட்டிய தண்ணீர்ச் சட்டி வையுங்கள். மாலை 6 முதல் 10 மணி வரை எரிந்தால் போதும். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து சாகும். சட்டியில் விழுந்ததைக் காலையில் எண்ணிப் பாருங்கள். மருந்து அடிக்க வேண்டுமா வேண்டாமா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். எந்தப் பூச்சி என்று அடையாளம் தெரியாவிட்டால், ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்கு ஒரு டப்பாவில் எடுத்துப் போய்க் காட்டலாம்.

இதே பொருளில் சோலார் பேனலும் வருகிறது. சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் பூசிய பேனலை ஆக்ஸ்போர்டு பி.வி. என்ற நிறுவனம் 2024-இல் விற்பனைக்கு அனுப்பத் தொடங்கியது. பம்புசெட்டுக்கு அது வரும் நாளில் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை வருட உத்தரவாதம்? உடைந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?

பழைய டியூப் லைட், சி.எஃப்.எல். பல்புகளில் பாதரசம் இருக்கிறது. அவற்றையும் எருக்குழியில் போடாமல், தனிச் சாக்கில் கட்டிவைத்து மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.