தாத்தாவின் ஜாதகம் ஓவியமாகுமா? ஈசிஆர் ஓவியர் கிராமம் சொல்லும் பதில்

வார இறுதியில் பைக்கை எடுத்துக்கொண்டு ஈசிஆரில் மாமல்லபுரம் போகிறவர்களில் பலர் ஈஞ்சம்பாக்கத்தில் நிற்பதில்லை. ஆனால், 'நான் யார், என் குடும்பம் எங்கிருந்து வந்தது' என்பதையெல்லாம் படமாக வரைய முடியுமா என்ற கேள்விக்கு அங்கே ஒரு நல்ல பதில் இருக்கிறது. அதுதான் சோழமண்டல ஓவியர் கிராமம்.

அது என்ன கிராமம்?

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் தொடங்கியது. அப்போது அந்த இடம் செங்கல்பட்டு மாவட்டம். ஓவியத்தை மட்டும் நம்பி வாழ முடியாத காலம். அதனால் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில்தான் கடலோரமாக நிலம் வாங்கி, வீடு கட்டி, வரைந்தார்கள். மேற்கத்திய பாணியை நகல் எடுக்காமல், நம்மூர் ஆளாக இருந்துகொண்டே எப்படி நவீனமாக வரைவது? அவர்கள் முன்னால் இருந்த பெரிய கேள்வி இது.

படிக்க முடியாத எழுத்து

பணிக்கரின் பதில், 1963-ல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசை. ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், வரிவரியாக எழுத்து மாதிரியான கோடுகள். தூரத்தில் பார்த்தால் பரணில் கிடைத்த பழைய ஜாதக நோட்டு போலவே இருக்கும். கிட்டப் போய்ப் படிக்கப் பார்த்தால், படிக்க முடியாது. வேண்டுமென்றே அப்படி வரைந்தார்.

நம்ம வீட்டு பீரோவிலும் இதே கதைதானே? தாத்தாவின் ஜாதகம், பழைய நிலப் பத்திரம் என்று ஏதாவது இருக்கும். கையெழுத்து புரியாது. ஆனாலும் தூக்கிப் போட மனசு வராது. படிக்கத் தெரியாவிட்டாலும் அது நம்முடையதுதான்.

அதே கிராமத்தில் வாழ்ந்த கே. ராமானுஜம் வேறு வழியில் போனார். பேனா, மை கொண்டு கனவு மாளிகைகளை வரைந்தார். அவற்றின் நடுவே தொப்பி போட்ட ஒரு மனிதர் வருவார். அது ராமானுஜமேதான். 1973-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். தொப்பிக்காரர் மட்டும் படங்களில் இருக்கிறார்.

காகிதமே இல்லையென்றால்?

யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011-ல் ஒரு நூல் கொண்டுவந்தார். தலைப்பின் பொருள் 'முற்றுப்பெறாத தோம்பு'. தோம்பு என்றால் காணிப் பதிவேடு. போரில் இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். அதோடு, கட்டடக்கலை முறையில் திருத்தி வரைந்த படமும் சனாதனனின் ஓவியமும் சேர்ந்தன. வீடு போன பிறகு, கோணல்மாணலான அந்தக் கோடுகள்தான் குடும்பச் சொத்து.

நீங்களும் தொடங்கலாம்

ஒரே படத்தில் மை, வண்ணம், காகிதம், துணி எனப் பலவற்றைச் சேர்ப்பதுதான் 'மிக்ஸ்டு மீடியா'. ஓவியப் பயிற்சி கட்டாயமில்லை.

* பழைய ஆவணத்தின் மேலேயே வரையாதீங்க. ஜெராக்ஸ் எடுத்து அதில் வரையுங்க.
* கிழிந்த புடவைத் துண்டு, கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட் எதையும் ஒட்டலாம். பசை குறைவாக இருக்கட்டும்.
* பாட்டி பிறந்த வீட்டின் தரைப்படத்தை அவரையே வரையச் சொல்லுங்க. கிணறு எந்தப் பக்கம், அடுப்பு எங்கே என்று கேளுங்க. கோடு நடுங்கினால் திருத்தாதீங்க.

முதல் இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். மூன்றாவதை மட்டும் தள்ளிப் போட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கிட்டு பாட்டி பக்கத்துல உட்காருங்க.