டாக்டர் சொன்னார், மிஸ்ஸி செய்தார்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் தே தாரேக் சொல்லிவிட்டு உட்காருவோம். எதிரே கிள்ளான் ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யு.வில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த மிஸ்ஸி (தாதி) ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏதாவது தப்பாகிவிட்டால் சட்டப்படி யார் பொறுப்பு என்று கேட்டால், "டாக்டர் சொன்னதத்தானே செஞ்சேன்? மிச்சத்த ஆஸ்பத்திரி பாத்துக்கும்" என்பார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இதில் பாதி சரி. கம்பெனி லாரி ஒருவரை இடித்தால் நஷ்டஈடு கேட்டுக் கம்பெனி மேலும் வழக்கு வரும். வேலை நேரத்தில் ஊழியர் செய்த பிழைக்கு முதலாளியும் பொறுப்பு. அரசாங்க ஆஸ்பத்திரியென்றால், 1956ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி அரசாங்கம் அந்த இடத்தில் நிற்கும். ஆகவே பணம் கட்டுவது பெரும்பாலும் மேலிடம்தான்.

ஆனால் கம்பெனி பணம் கட்டிவிட்டதால் ஓட்டுநரின் லைசென்ஸ் தப்பிவிடுமா? மிஸ்ஸிக்கும் ஒரு லைசென்ஸ் உண்டு. தாதியர் சட்டம் 1950இன் கீழ் மலேசியத் தாதியர் வாரியம் அவர் பெயரில் தருவது. வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டியது. வாரியம் கூப்பிட்டுக் கேட்டால் அவரேதான் பதில் சொல்ல வேண்டும். அலட்சியத்தால் உயிர் போனதென்றால் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவும் இருக்கிறது: இரண்டு வருஷம் வரை சிறை. (2024 வரை தமிழ்நாட்டு வக்கீல்களுக்கும் பழகிய எண், இரண்டு நாட்டுக்கும் ஒரே பிரிட்டிஷ் வேர்.) சிறைக்கு ஆஸ்பத்திரி போக முடியாது.

இனி 'டாக்டர் சொன்னார்' என்பதற்கு வருவோம். ராத்திரி மூன்று மணி. நோயாளிக்குப் பொட்டாசியம் 2.8, குறைவு. தூக்கக் கலக்கத்தில் டாக்டர் போனில் சொல்கிறார்: "ஒரு ஆம்பியூல் அப்படியே ஏத்திடுங்க." பொட்டாசியத்தைக் கலக்காமல் சிரையில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பது ஐ.சி.யு. மிஸ்ஸிக்குப் பாலபாடம். தெரிந்தும் ஏற்றினால், சொன்னவர் ஒரு தப்புக்குப் பொறுப்பு, செய்தவர் இன்னொன்றுக்கு. சட்டம் கேட்பது, கவனமுள்ள ஒரு மிஸ்ஸி அந்த நேரத்தில் என்ன செய்திருப்பார் என்பதைத்தான்.

"நான் புதுசு, மூணு மாசம்தான் ஆச்சு" என்றால்? இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையின் வழக்கைப் பார்க்கலாம். இளம் டாக்டர் ஆக்சிஜனை அளக்கும் குழாயைத் தமனிக்குப் பதில் சிரையில் விட்டுவிட்டார். அளவு குறைவாகக் காட்டியது. குழந்தைக்கு ஆக்சிஜன் மிதமிஞ்சிப் போனது. அனுபவம் போதாது என்ற சமாதானத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்த நாற்காலியில் உட்கார்ந்தோமோ அந்த நாற்காலிக்குரிய கவனம் வேண்டும் என்றது. ஆனாலும் இளம் டாக்டர் தப்பித்தார். சீனியரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தும் கோட்டைவிட்ட சீனியர்தான் மாட்டினார். (குழந்தையின் பார்வை பாதிக்கப்பட்டது அந்த மிதமிஞ்சிய ஆக்சிஜனால்தானா என்ற கேள்வி 1988இல் பிரபுக்கள் சபை வரை போனது. அது தனிக்கதை.)

அந்த மூன்று மணிக்கு மிஸ்ஸி செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. "டாக்டர், கலக்காமலா? எத்தனை மணி நேரத்தில் ஏத்தணும்?" என்று திருப்பிக் கேட்பது. பிடிவாதமாக இருந்தால் ஸ்பெஷலிஸ்டைக் கூப்பிடுவது. பிறகு சார்ட்டில், 3.05க்கு இன்னாரிடம் கேட்டேன், இன்ன பதில் வந்தது என்று அப்போதே எழுதுவது. ஷிஃப்ட் முடிவில் ஞாபகத்திலிருந்து எழுதுவதைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

மலேசியாவில் அரசாங்க ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போட 36 மாதம் அவகாசம். தனியார் என்றால் பொதுவாக ஆறு வருஷம். அத்தனை நாள் கழித்து மிஸ்ஸியைக் கூண்டில் ஏற்றும்போது, வக்கீல் கையில் இருப்பது அந்த சார்ட்டின் நகல்தான்.