ஒப்பாரியில் முடியும் ஆட்டப் பாட்டு

திருமண வீடுகளில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ ஒலிக்கத் தொடங்கியதும் இளைஞர்தம் கால்கள் தாமாகவே ஆடுகின்றன. காண்பதற்கு இனிய காட்சிதான். ஆனால் ஒலிபெருக்கிக்காரர் பாட்டு முடியுமுன்பே அடுத்ததற்குத் தாவிவிடுகிறார். நமக்கு அது பெருங்குறை. இப்பாட்டின் உயிர் அதன் கடைசிப் பகுதியிலேதான் இருக்கிறது.

2021 மார்ச் 7ஆம் நாள் வெளியான பாட்டு இது. எழுதியவர் அறிவு. அவரும் தீ என்னும் பாடகியும் சேர்ந்து பாடினர். இசையாக்கத்தில் சந்தோஷ் நாராயணனின் கைவண்ணம் உண்டு. கானாவையும் ராக் இசையையும் கலந்து, 2018இல் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் வழியாக அறிவு முன்னரே அறியப்பட்டவர். 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவினரும் நாட்டார் பாடல்களை மின் கித்தாருக்கு ஏற்றினார்கள். அவர்கள் நூலகத்திலும் தேட வேண்டியிருந்தது. அறிவுக்கோ வீட்டிலேயே பாட்டி இருந்தார்.

அப்பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் தமிழ்நாட்டுக்குப் பெயர்ந்தவர். இச்செய்தி தெரிந்த பின்பு பாட்டைக் கேட்டால் பதுளைக்காரர் செவிக்கு அது வேறு பாட்டாகிவிடும். ‘எஞ்சாமி’ என்பது ‘என் சாமி’யே. பண்ணையாரை நோக்கிக் கூலியாள் கைகட்டிச் சொன்னதும் அச்சொல்தான். பிள்ளையைத் தாய் கொஞ்சியதும் அச்சொல்தான். பணிவுச் சொல்லை அன்புச் சொல்லாக மீட்டதே பாட்டின் முதல் வெற்றி என்போம்.

தாளத்தையும் கவனிக்க வேண்டும். விடியுமுன் தப்படித்துப் பிரட்டுக்கு ஆளழைத்த தோட்டங்கள் நம்முடையவை. வேலைக்கு விரட்டிய அதே தப்புத்தான் காமன் கூத்துக்கும் சாவு வீட்டுக்கும் முழங்கியது. ஆட்டமும் அழுகையும் ஒரே தோலில் பிறந்ததை அறிந்தவர், ஆட்டப் பாட்டு ஒப்பாரியாகத் திரும்புவதைக் கண்டு வியக்கமாட்டார். மரம் நட்டுத் தோட்டம் வைத்தவருக்கு அதில் பங்கில்லை என்னும் ஏக்கமே அந்த ஒப்பாரி.

ஒப்பாரி என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. மலையகத்தாருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். யாரைக் கேட்டுப் பங்கிட்டனர் என்பது வேறு கேள்வி! அதன்பின் தலைமன்னார்க் கப்பலுக்கு ஆளேற்றிச் சென்ற புகைவண்டிக்கு நம்மவர் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதிக்கும் அப்பெயரையே சூட்டினார். ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணன் கோச்சியேற, தம்பி நின்றுவிட்ட குடும்பங்கள் ஊவாவில் எத்தனை! போனவர்களின் பேரர் பாடியதற்கு இருந்தவர்களின் பேரர் ஆடுகின்றனர்.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தபோது கைத்தொலைபேசி கிடையாது. இன்று மாணவர் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. ஒப்பாரி தெரிந்த பாட்டிமாரும் பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்து லயங்களில் இன்னும் இருக்கின்றனர். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறோம். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடச் சொன்னால் அபசகுனம் என்று வாய் திறக்கமாட்டார்கள். முதலில் தாலாட்டைக் கேளுங்கள்.